சுந்தரம்மாள் போட்ட அறுபத்தோரு ஊசிகள்

கோச்சடை, மதுரை
6 ஜனவரி 2025

அன்பு மாதங்கிக்கு,

அப்சானா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும், கீழ் வீட்டில் உன் அப்பாவும், ஆபீஸில் இருக்கும் இரண்டு பேரும் சுகம். நீயும் பத்ரியும் குட்டியும் சுகமாகத்தான் இருப்பீர்கள். உடம்பில் தெம்பு இல்லாமலா நேற்று வீடியோ காலில் அந்தக் கத்து கத்தினாய்?

வேலையில் முட்டிக்கொண்டால் வாட்ஸப்பில் பேசக் கூடாது, காகிதத்தில் எழுதித் தபாலில் போட வேண்டும் என்று சட்டம் போட்டவள் நீ. 2019இல் நீ அனுப்பிய “சரி” என்ற ஒற்றை வார்த்தைக்காக நான் மூன்று மாதம் பேசாமல் இருந்த பிறகு வந்த சட்டம் அது. தபால் போய்ச் சேரும் நாலு நாளில் சூடு ஆறிவிடும் என்றாய். எனக்கு ஒரு தடவையும் ஆறியதில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

முடியாது.

நம் “தொழுவம்” ஆண்ட்ராய்டு செயலியாகத்தான் இருக்கும். அதைத் தூக்கிவிட்டு வெப்சைட்டாக மாற்றும் தாளில் கையெழுத்துப் போட மாட்டேன். பெரிய மாற்றம் எதற்கும் இரண்டு கையெழுத்து வேண்டும் என்று நம் கம்பெனிப் பத்திரத்தில் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் எடுத்துப் பார்.

இதை யார் பயன்படுத்துகிறார்கள் என்பதே பெங்களூரில் உட்கார்ந்து உனக்கு மறந்துவிட்டது. மேற்குமலைப் பால் நிறுவனத்தின் பதினாலு கால்நடைத் தோழிகள். உசிலம்பட்டியிலிருந்து எழுமலை வரை ஊர் ஊராக நடந்து மாட்டுக்குத் தடுப்பூசி போடுகிற பெண்கள். ஒரு கையில் மருந்துப் பெட்டி, மறு கையில் ஊசி. போன் இடுப்பில் சுருக்குப்பைக்குள் திரை அணைந்து கிடக்கும். அப்போதும் நம் செயலி வேலை செய்துகொண்டிருக்கும். மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தெர்மாமீட்டரை புளூடூத்தில் விசாரித்துக்கொண்டே இருக்கும். பெட்டி சூடானால் பைக்குள்ளிருந்தே கத்தும். இருபத்தோராம் நாள் மறு ஊசி என்றால் சிக்னலே இல்லாத ஊரிலும் காலையில் மணி அடிக்கும். பஸ் சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு வந்ததும் அன்றைய பதிவையெல்லாம் தானாக நம் சர்வருக்கு அனுப்பிவிடும். அந்த அம்மாக்கள் பொத்தானைத் தொடக்கூட வேண்டாம்.

வலைப்பக்கம் இதில் எதைச் செய்யும்? திரையை அணைத்தால் அதுவும் படுத்துவிடும். பிரவுசர் வீட்டில் அது ஒண்டுக்குடித்தனம், மாது. வீட்டுக்காரர் விளக்கை அணை என்றால் அணைக்க வேண்டும். சாமானை எடு என்றால் எடுக்க வேண்டும். செயலிக்குப் போனில் சொந்த வீடு இருக்கிறது.

வீட்டுச் செய்தி: நான் தபால்தலை தேடுவதைப் பார்த்துவிட்டு உன் அப்பா, “என்னம்மா, ரெண்டு பேருக்கும் மறுபடி ஆரம்பிச்சாச்சா?” என்று கேட்டார். மாமாவுக்கு நம் சண்டை என்றால் அவ்வளவு சந்தோஷம்.

கோபம் குறையாத,
உன் அப்சு


பெங்களூரு
13 ஜனவரி 2025

அடியே அப்சு,

கடிதம் கிடைத்தது. “முடியாது” என்ற இடத்தில் பேனா தாளைக் கிழித்திருக்கிறது. பொங்கல் அதுவுமாக இப்படியா?

நீ சொன்னது அத்தனையும் உண்மை. நான் மறுக்கவில்லை. நீ சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன், கேள்.

பதினாலு தோழிகளில் ஒன்பது பேரிடம் இருப்பது போன வருஷத்துத் தொழுவம். ஏன்? போனில் இடமில்லை. பேரன் பேத்தி வீடியோ, குலசாமி வீடியோ எல்லாம் நிறைந்து கிடக்கிறது. நாம் புதுசு அனுப்பினால் இறங்குவதில்லை. ஒன்பது பேர் பழைய படிவத்திலும் ஐந்து பேர் புதிய படிவத்திலும் எழுதி, நிறுவனத்தின் மேலாளர் நல்லகாமன் தினம் எனக்குப் போன் போட்டுத் திட்டுகிறார். வலைப்பக்கம் என்றால் இந்தத் தொல்லை இல்லை. நாம் இங்கே மாற்றினால் அடுத்த தடவை திறக்கும்போது அங்கே மாறியிருக்கும். ஒரே நிரல், எல்லாப் போனிலும் ஓடும், நல்லகாமனின் கம்ப்யூட்டரிலும் ஓடும்.

இன்னொன்று. தொழுவத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று உனக்கு மட்டும்தான் தெரியும். உனக்குக் காய்ச்சல் வந்தால் கம்பெனிக்கே காய்ச்சல். ஆபீஸில் இருக்கும் இரண்டு பேருக்கும் வெப் வேலைதான் தெரியும். அவர்களையும் நாம் சோறு போட்டு வைத்திருக்க வேண்டாமா? நல்லகாமன் மார்ச் வரைதான் பொறுப்பேன் என்கிறார். அவர் போனால் நாம் கடையைச் சாத்த வேண்டியதுதான். நீ ஊருக்குள் நடப்பதைப் பார்க்கிறாய். இந்தக் கம்பெனி நடப்பதை நான் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒரு தடவை கட்டித்தான் பாரேன். தோற்றால் நானே கிழித்துப் போடுகிறேன்.

வீட்டுச் செய்தி: குட்டி நேற்று முதல்முதலாகக் கோலம் போட்டாள். வாசலில் இல்லை, பத்ரியின் லேப்டாப்பின் மேல்.

உன் மாது


கோச்சடை, மதுரை
21 பிப்ரவரி 2025

மாதுவுக்கு,

அப்சானா. கையெழுத்துப் போட்ட தாள் இதோடு இருக்கிறது. சிரிக்காதே.

உன் வெப்சைட்டைக் கட்டினேன். தோற்கடிக்கத்தான் கட்டினேன், ஒளிப்பானேன்? சிக்னலை அணைத்துவிட்டுப் பத்து மாட்டைப் பதிந்தேன். பதிந்தது. இரண்டு சதவீத சார்ஜில் பதிந்தேன். போனை நடுவில் அணைத்துப் போட்டேன். திறந்தால் பத்தும் அப்படியே இருந்தது. எழுமலை பஸ்ஸில் ஒரு நாள் முழுக்கப் போய் வந்தேன். சிக்னல் வந்ததும் பக்கத்தைத் திறந்தால் எல்லாம் சர்வருக்குப் போனது. தானாக அனுப்பும் வசதியும் வைத்திருக்கிறேன், ஆனால் பேட்டரியை மிச்சம் பிடிக்க இந்த மலிவுப் போன்கள் அதைத் தூங்கவைத்துவிடும். எப்போது எழும் என்று சத்தியம் பண்ண முடியாது. பக்கத்தைத் திறக்க வேண்டும், அவ்வளவுதான்.

நேர்மையாகச் சொன்னால் என்னால் அதைத் தோற்கடிக்க முடியவில்லை. தெர்மாமீட்டர் போச்சு, மணி போச்சு. தோழிகள் பெட்டியைத் திறந்து கண்ணால் பார்த்து எழுதுவார்கள், மறு ஊசிக்குக் காலண்டரில் சுழித்துக்கொள்வார்கள். இதற்கு ஆறு வருஷம் நான் எதற்கு எழுதினேன் என்று ஒரு நாள் முழுக்கச் சாப்பிடப் பிடிக்காமல் இருந்தேன். ஆனால் பதிவு பத்திரமாக இருக்கிறது. அது பத்திரமாக இருக்கும்போது கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொன்னால் அது வெறும் வீம்பு. வீம்புக்கு நான் இதுவரை எதையும் செய்ததில்லை. (உன் கல்யாணத்துக்குப் பச்சைப் புடவை கட்டியதைத் தவிர.)

ஒரு நிபந்தனை. ஜூன் முடியும் வரை பழைய செயலி அவர்கள் போனில் இருக்க வேண்டும். இரண்டிலும் எழுதட்டும். தாளிலேயே எழுதியிருக்கிறேன், படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு.

வீட்டுச் செய்தி: அடுத்த வாரம் நோன்பு தொடங்குகிறது. உன் பங்கு நோன்புக் கஞ்சி மாமாவுக்குப் போகும்.

அப்சு


பெங்களூரு
9 ஏப்ரல் 2025

அன்பு அப்சு,

ஈத் வாழ்த்து போனில் சொல்லிவிட்டேன். இது தாளில் சொல்ல வேண்டிய சமாச்சாரம்.

முதலில் உன்னிடம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மார்ச் முதல் வாரமே பழைய செயலியை எல்லாப் போனிலிருந்தும் எடுத்தாயிற்று. ஒரே மாட்டை இரண்டு தடவை எழுத முடியாது என்று தோழிகள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். நல்லகாமன் கேட்டார், நான் சரி என்றேன். உன்னிடம் கேட்டால் மறுபடி தபால், மறுபடி பத்து நாள். தப்புத்தான்.

இப்போது விஷயம். எழுமலைப் பக்கம் ஊசி போடும் சுந்தரம்மாள் என்ற தோழியின் பதிவில் ஐந்து வாரத்தில் அறுபத்தோரு மாடுகள் குறைகின்றன. வாங்கிப் போன மருந்துக்குக் காலி பாட்டில் திரும்ப வந்திருக்கிறது, ஆனால் எந்த மாட்டுக்குப் போட்டாள் என்று ஒரு வரி இல்லை. மருந்தை வெளியே விற்றிருக்கிறாள் என்பது நல்லகாமன் முடிவு. பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போட்டேன், எழுதினேன் என்று அந்த அம்மா சாதிக்கிறாளாம். மாட்டுக்காரர்களும் ஆமாம் என்கிறார்களாம். ஆனால் பாதிப் பேர் அவளுக்குச் சொந்தம், அவர்கள் சாட்சி செல்லாது என்கிறார் நல்லகாமன்.

நான் சர்வரைப் பார்த்தேன். அந்த அறுபத்தொன்றும் வரவே இல்லை. வரவில்லை என்றால் எழுதவில்லை என்றுதானே அர்த்தம்? நம் பக்கம் பிழை இல்லை என்று இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஒரு சான்று கேட்கிறார்கள். என் கையெழுத்தோடு அனுப்பியிருக்கிறேன். நீயும் போட்டு உசிலம்பட்டி ஆபீஸுக்கு அனுப்பிவிடு.

வீட்டுச் செய்தி: வீட்டுச் செய்தி எழுத மனசில்லை.

மாது


கோச்சடை, மதுரை
17 ஏப்ரல் 2025

மாதங்கிக்கு,

அப்சானா எழுதுவது. சான்றில் கையெழுத்துப் போடவில்லை. கையெழுத்துப் போடும் முன் அந்த அம்மாவைப் பார்த்துவிடலாம் என்று எழுமலைக்குப் போனேன். செயலியை எடுத்ததற்கு உன்னிடம் போட வேண்டிய சண்டையைத் தனியாக வைத்திருக்கிறேன். அதற்கு இப்போது நேரமில்லை.

சுந்தரம்மாளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் உட்காரச் சொல்லவில்லை. அவர் கேட்ட முதல் கேள்வி இது: “நான் ஊசி போடலன்னா, அந்த மாடெல்லாம் என்னயக் கண்டா எதுக்குத் தாயி கயித்த அத்துக்கிட்டு ஓடுது? வா, வந்து பாரு.” கையைப் பிடித்து இழுத்துப் போனார். மாது, நான் பார்த்தேன். தெருவில் நாங்கள் நடக்க நடக்க இரண்டு பக்கமும் மாடுகள் முளைக்குச்சியைச் சுற்றிப் பின்வாங்குகின்றன. என்னைப் பார்த்து ஒன்றும் அசையவில்லை. அவரைப் பார்த்து அத்தனையும் மிரள்கின்றன. உன் சர்வரைவிட அந்த மாடுகளுக்கு நன்றாக நினைவிருக்கிறது.

பிறகுதான் போனைக் கேட்டேன். நம் பக்கத்தைத் திறந்தேன். “வணக்கம் தோழி! முதல் மாட்டைப் பதிவு செய்யுங்கள்” என்றது. அந்த வரி புதிதாக வருபவர்களுக்காக நான் எழுதியது. ஐந்து வாரம் வேலை செய்தவருக்கு ஏன் வருகிறது? அவரிடம் கேட்டேன். “வாரா வாரம் அப்பிடித்தான் தாயி வரும். போன் நம்பர் கேக்கும், அடிப்பேன். பழசெல்லாம் ஆபீசுக்குப் போயிருச்சு போலன்னு நெனச்சேன்” என்றார்.

வாரா வாரமா? எந்த நாள்? சந்தை நாள். சந்தை நாளில் என்ன செய்வீர்கள்? “காய் வாங்குவேன், பெட்டிக்கு ஐஸ் எடுப்பேன், அதுக்கெல்லாம் முன்னாடி முத்துக்குமரன் கடையில போனக் கழுவுவேன்.”

நான் போய் அந்தக் கடையில் நின்றேன். ரீசார்ஜ் கடை. சந்தை நாளில் வரிசை நிற்கிறது. போன் நிறைந்து தத்தளிக்கிறவர்கள் எல்லாரும் வாரம் ஒரு முறை அங்கே கொடுத்துச் சுத்தம் செய்துகொள்கிறார்கள். ரீசார்ஜ் பண்ணினால் அது இலவசம். முத்துக்குமரன் நல்ல மனிதர், மறைக்க அவரிடம் ஒன்றுமில்லை. “வீடியோவ அழிக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணாக் கேப்பேன்க்கா. ஆப்ப கேக்காமத் தொடமாட்டேன். பிரவுசர்ல கெடக்குறது பூராம் குப்பதானக்கா, அத மட்டும் கேக்காம அம்புட்டையும் தள்ளிருவேன்” என்றார். என் போனில் பத்து மாட்டைப் பதிந்து அவரிடம் கொடுத்தேன். பிரவுசரைத் திறந்தார், இருக்கிற கட்டத்தில் எல்லாம் டிக் போட்டார், அழி என்றார். மூன்று விநாடி. திருப்பிக் கொடுத்தார். பத்தும் இல்லை. வணக்கம் தோழி, முதல் மாட்டைப் பதிவு செய்யுங்கள்.

சுந்தரம்மாளின் நான்கு ஊர்களும் மலையடியில் இருக்கின்றன, அங்கே சிக்னல் கிடையாது. வாரம் முழுக்க எழுதியது பிரவுசருக்குள் கிடக்கும். எழுமலைக்கு வந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் முத்துக்குமரன் கடை, அப்புறம்தான் மற்றதெல்லாம். பழைய செயலியாக இருந்திருந்தால் பஸ்ஸில் வரும்போதே பைக்குள்ளிருந்து அனுப்பியிருக்கும். அனுப்பாவிட்டாலும் முத்துக்குமரன் அதைத் தொட்டிருக்க மாட்டார். மற்ற தோழிகளின் ஊரில் சிக்னல் இருக்கிறது, அதனால் தப்பித்தார்கள்.

சார்ஜைக் குறைத்துச் சோதித்தேன், போனை அணைத்துச் சோதித்தேன். போனைக் கழுவுவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. நான் என் போனைச் சொந்தக் கையால் துடைத்துக்கொள்கிறவள். இது என் பிழை. உன் பிழை. அந்த அம்மாவின் பிழை இல்லை.

நல்லகாமனுக்கு அப்படியே எழுதப் போகிறேன். உனக்கு முதலில் சொல்ல வேண்டும் என்பதால் இந்தக் கடிதம்.

அப்சானா


பெங்களூரு
24 ஏப்ரல் 2025

அப்சு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அழுதேன் என்றால் நம்புவாயா தெரியவில்லை.

நல்லகாமனுக்கு எழுதாதே. கெஞ்சிக் கேட்கிறேன். ஒருவர் தன் போனில் இருப்பதைத் தானே அழித்தால் அது எந்தச் சட்டத்தில் நம் பிழை? பிரவுசர் தகவலை அழித்தால் பதிவு போய்விடும் என்று நம் நிபந்தனைப் பக்கத்தில் எழுதியிருக்கிறோம். அவள் சம்மதம் என்று தொட்டுத்தான் உள்ளே வந்தாள். நாம் சத்தமில்லாமல் சரி செய்துவிடலாம். பக்கத்தைத் திறந்ததும் பெரிதாக ஒரு எச்சரிக்கை வைக்கலாம். மூன்று மாதம் போகட்டும், விஷயம் ஆறட்டும். நானே நல்லகாமனிடம் பேசி அந்த அம்மாவைத் திரும்ப எடுக்கச் சொல்கிறேன். இது சத்தியம்.

நீ எழுதினால் என்ன ஆகும் என்று யோசித்தாயா? ஒப்பந்தம் போகும். அதைப் பார்த்து நம் மற்ற இரண்டு வாடிக்கையாளர்களும் போவார்கள். ஆபீஸில் இருக்கும் இரண்டு பிள்ளைகளும் தெருவில் நிற்பார்கள். பதினொரு வருஷம் அப்சு. உன் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒரு கையில் குட்டியை வைத்துக்கொண்டு ஒரு கையால் உன் வேலையையும் நான்தான் பார்த்தேன். அதைச் சொல்லிக்காட்டக் கூடாது என்று இருந்தேன். சொல்லிவிட்டேன்.

எழுதுவதற்கு முன் என்னைக் கூப்பிடு. தபால் சட்டத்தை இந்த ஒரு தடவை மீறலாம்.

மாது


கோச்சடை, மதுரை
3 மே 2025

மாதங்கிக்கு,

அப்சானா எழுதுவது. கூப்பிடவில்லை. உன் குரலைக் கேட்டால் என் மனசு இளகிவிடும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கூப்பிடவில்லை.

கடிதத்தை நேற்று உசிலம்பட்டிக்கு நேரில் கொண்டுபோனேன். மாதம் ஒரு தடவை பதினாலு தோழிகளும் மருந்து வாங்க வரும் நாள் அது. சுந்தரம்மாளைக் கையோடு அழைத்துப் போனேன். வரமாட்டேன் என்றார். “களவாணின்னு சொன்ன வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன்.” என்னுடன் வந்தால் போதும், ஒன்றும் பேச வேண்டாம் என்றேன்.

நல்லகாமன் கடிதத்தை வாங்கி மேஜைக்குள் போடப் பார்த்தார். நான் கொடுக்கவில்லை. எல்லோர் முன்னாலும் நின்று சத்தம் போட்டுப் படித்தேன். சுந்தரம்மாள் அறுபத்தோரு மாடுகளுக்கும் ஊசி போட்டார், அத்தனையும் எழுதினார். நாங்கள் கட்டிக்கொடுத்த வலைப்பக்கம் அதைக் காப்பாற்றவில்லை. அது காப்பாற்றாது என்பதை நாங்கள் சோதித்துப் பார்க்கத் தவறினோம். இதை எழுதியவள் நான், பெயர் அப்சானா. உன் பெயரைச் சேர்க்கவில்லை. நீ விரும்பாதபோது சேர்க்க எனக்கு உரிமை இல்லை.

“போனை அந்தம்மா அழிச்சதுக்கு நீங்க என்னம்மா பண்ணுவீங்க?” என்று நல்லகாமன் எனக்கே வக்காலத்து வாங்கினார். உன் நிபந்தனைப் பக்கத்தைத்தான் அவரும் சொன்னார். நான் சுந்தரம்மாளின் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து நல்லகாமனிடமே கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார். அந்தப் பொடி எழுத்தை அவராலேயே படிக்க முடியவில்லை. வெயிலில் மாட்டுக்குப் பக்கத்தில் நின்று ஒருவர் படிப்பாரா என்று கேட்டேன். போனைத் திருப்பி நீட்டினார். தோழிகளில் ஒருத்தி எழுந்து, “நானும் எழுதுனது ஏழு காங்கல சார், பயந்துக்கிட்டுச் சொல்லல” என்றாள். இன்னொருத்தி மூன்று என்றாள். அதற்கப்புறம் அந்த அறையில் அவர் குரல் எடுபடவில்லை.

பெட்டியைச் சுந்தரம்மாளிடம் திருப்பிக் கொடுத்தார்கள். எனக்கு நன்றி சொல்வார் என்று நினைத்திருந்தேன், பொய் சொல்வானேன். வாசலில் வந்து என்னைத் திட்டினார். “ஒரு மாசமா ஊரு பூராம் என்னயக் களவாணிங்குது. எம்மக வீட்டுல சம்பந்திகாரி மொகத்தத் திருப்பிக்கிட்டுப் போறா. இப்ப வந்து கூட்டத்துல படிச்சுட்டா சரியாப் போச்சா? மொதல்லயே ஒழுங்காச் செஞ்சிருக்க வேண்டியதுதான?” என்றார். சரியாகப் போகாது அக்கா என்றேன். பெட்டியைத் திறந்து ஐஸ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பஸ் ஏறிப் போய்விட்டார்.

ஒப்பந்தம் ரத்து என்று நல்லகாமன் அங்கேயே சொல்லிவிட்டார். நீ சொன்னதுதான் நடந்தது. இரண்டு பிள்ளைகளுக்கும் நானே சொன்னேன். ஒருவனுக்கு ஒத்தக்கடையில் ஒரு கல்லூரியில் வேலை கேட்டிருக்கிறேன், கிடைக்கும் போலிருக்கிறது. மற்றவனுக்குத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அம்மா ஆஸ்பத்திரியில் இருந்ததை நீ சொல்லிக்காட்டியதில் தப்பில்லை. நான் மறக்கவில்லை. அதற்குப் பதிலாக என் உயிரைக் கேள், யோசிக்காமல் தருகிறேன். அந்த அம்மாவின் பெயரைக் கேட்காதே. அது என்னுடையது இல்லை, எடுத்துக் கொடுக்க.

உன் அப்சு


பெங்களூரு
26 மே 2025

பெறுநர்: திருமதி அப்சானா அவர்கள்

வணக்கம்.

02.05.2025 அன்று மேற்குமலைப் பால் உற்பத்தியாளர் நிறுவனத்தில் தாங்கள் வாசித்த கடிதம், பங்குதாரரின் சம்மதமின்றி வெளியிடப்பட்டது. அக்கடிதத்தில் உள்ளவை தங்கள் தனிப்பட்ட கருத்து மட்டுமே என்றும், சுந்தரம்மாளின் பதிவுகள் குறித்து உறுதியாக எதுவும் கூற இயலாது என்றும் தாங்கள் எழுத்து மூலம் தெரிவித்தால், கூட்டு நிறுவனம் கலைக்கப்படும்போது “தொழுவம்” ஆண்ட்ராய்டு செயலியின் முழு உரிமையையும் தங்களுக்கே விட்டுத்தரச் சம்மதிக்கிறேன். தவறினால், செயலியின் மூலநிரல் உட்பட அனைத்தும் நிறுவனத்தின் சொத்தாகவே நீடிக்கும். தாங்கள் அதைப் பயன்படுத்தவோ பிறருக்கு வழங்கவோ இயலாது.

முப்பது நாட்களுக்குள் பதில் எதிர்பார்க்கப்படுகிறது.

இப்படிக்கு,
மாதங்கி


ஒத்தக்கடை, மதுரை
11 ஜூன் 2025

மாதங்கிக்கு,

அப்சானா எழுதுவது. கோச்சடை மாடியைக் காலி செய்துவிட்டேன். மாமா வேண்டாம் என்றுதான் சொன்னார். உன் வீட்டு மாடியில் உட்கார்ந்துகொண்டு உனக்கு இந்தக் கடிதத்தை எழுதக் கூடாது என்பதால் வந்துவிட்டேன். சாவி அவரிடம் இருக்கிறது.

உன் நோட்டீஸ் வந்தது. வக்கீல் எழுதியது என்று முதல் வரியிலேயே தெரிந்தது. நீ என்னை “தங்கள்” என்று எழுத மாட்டாய், எழுதினால் உனக்கே சிரிப்பு வந்துவிடும். ஆனால் உறையின் மேல் என் முகவரி உன் கையெழுத்தில் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு அரை மணி நேரம் பிரிக்காமல் வைத்திருந்தேன். அந்த அரை மணி நேரம் நீ இரண்டு வரி திட்டி எழுதியிருப்பாய் என்று ஆசையாக இருந்தது.

நீ கேட்டதற்குப் பதில்.

தொழுவத்தை நீயே வைத்துக்கொள். ஆறு வருஷம் நான் எழுதியது, ஒவ்வொரு வரியும் எனக்குத் தெரியும். போகட்டும். நேற்று வெற்றுத் திரையில் புதிதாக முதல் வரியை எழுதினேன். அதே மாதிரி இருக்காது, அதே மாதிரி இருக்கக் கூடாது என்பதை உன் வக்கீலுக்குச் சொல்லிவிடு. போனுக்குள் தனக்கென்று ஓர் இடத்தோடு உட்காரும், யார் வந்து பெருக்கினாலும் அதைப் பெருக்க முடியாது. இடம் கொஞ்சமாக எடுக்கும். உன் ஜனவரி மாதக் கடிதத்தில் நீ சொன்னது நியாயம் என்று அப்போதே தெரியும், ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை. இந்தத் தடவை அதையும் சேர்த்துக் கட்டுகிறேன். வாங்குவதற்கு இப்போது யாரும் இல்லை. இல்லாவிட்டாலும் கட்டுவேன்.

நீ கேட்கும் தாளை நான் எழுத மாட்டேன். முப்பது நாளிலும் எழுத மாட்டேன், முப்பது வருஷத்திலும் எழுத மாட்டேன். நீ எனக்கு யார் என்று எனக்குத் தெரியும். நீ இல்லாமல் எனக்குக் கையொடிந்த மாதிரிதான் இருக்கிறது, அதையும் சொல்கிறேன். அப்படியும் எழுத மாட்டேன்.

சுந்தரம்மாள் அறுபத்தோரு மாடுகளுக்கு ஊசி போட்டார். அறுபதுக்கு இல்லை. அறுபத்தொன்றுக்கு.

அப்சானா